நிற்கிற 18 மணி நேரத்தை யார் பார்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு தீவுகளில் சோலார் மின்சாரத்தால் கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டங்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் அதில் இரண்டு எண்கள் தவறாமல் இருக்கும். பேனல் எத்தனை கிலோவாட், தண்ணீர் நாளைக்கு எத்தனை ஆயிரம் லிட்டர். அந்த இயந்திரம் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சும்மா நிற்கும் என்ற மூன்றாவது எண்ணை யாரும் போடுவதில்லை. வெயிலை மட்டும் நம்பினால் 6 மணி நேரம் ஓடும், 18 மணி நேரம் நிற்கும். கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் மெல்லிய சவ்வான மெம்ப்ரேன் பாழாவது பெரும்பாலும் அந்த 18 மணி நேரத்தில்தான். எண்ணூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பக்கம் கடல்நீர் பம்பும் மெம்ப்ரேனுமாக வேலை பார்க்கிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

வடசென்னைக்காரர்களுக்குக் கடல்நீர் சுத்திகரிப்பு என்றால் நினைவுக்கு வருவது காட்டுப்பள்ளியில் 2010-இல் ஓடத் தொடங்கிய, நாளைக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள மீஞ்சூர் ஆலை. அதை அளவுகோலாக வைத்துத் தீவுக்குத் திட்டம் போடக் கூடாது. ஆயிரம் லிட்டருக்கு மூன்றரை யூனிட் என்று வைத்தாலே 10 கோடி லிட்டருக்கு நாளொன்றுக்கு மூன்றரை லட்சம் யூனிட் வேண்டும். அத்தகைய ஆலை இரவும் பகலும் ஒரே சீராக ஓடும். அதன் முதுகெலும்பு மின்வாரிய கிரிட். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 2006-இல் வந்த ஆலையைக் காற்றாலையில் ஓடும் ஆலை என்பார்கள். காற்றாலை எங்கேயோ தொலைவில் கிரிட்டுக்கு மின்சாரம் கொடுக்கிறது, ஆலை இங்கே கிரிட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கணக்கில் அது சரி. கிரிட்டே இல்லாத தீவில் அந்தக் கணக்கு செல்லாது.

தீவு என்றால் லட்சத்தீவுவரை போக வேண்டியதில்லை. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல் திட்டில் இருக்கும் குப்பங்களும் தண்ணீர் விஷயத்தில் தீவுதான். மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த சங்கதி. அப்படி ஒரு குப்பத்தில் 650 பேர் என்று வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 15 லிட்டர் வீதம் நாளைக்கு 10,000 லிட்டர் எடுக்கும் ஆலைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குளிக்க, துவைக்க இந்தத் தண்ணீர் கட்டுப்படியாகாது. அதற்கு வேறு வழி தேட வேண்டும்.

வீட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. மிஷினில் பம்ப் தரும் அழுத்தம் 5, 6 பார் இருக்கும். கடல்நீரில் லிட்டருக்கு 33 முதல் 35 கிராம் உப்பு. அந்த உப்பு மட்டுமே 25 பாருக்குக் குறையாமல் எதிர்த்துத் தள்ளும். அதை மீறித் தண்ணீரைப் பிழிந்தெடுக்க 55 முதல் 60 பார் வேண்டும். 60 பார் என்பது தண்ணீரை 600 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிற அழுத்தம். வீட்டு ஆர்.ஓ. தெரிந்தவர் இதையும் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பது ஆபத்து. பைப் தெறித்தால் ஆளையே சாய்த்துவிடும்.

6 மணி நேரத்தில் 10,000 லிட்டரும், மெம்ப்ரேனைக் கழுவ ஒரு 400 லிட்டரும் வேண்டுமென்றால் மணிக்கு 1,750 லிட்டர் எடுக்க வேண்டும். உள்ளே போகும் 100 லிட்டரில் 35 லிட்டரை மட்டும் நல்ல தண்ணீராக எடுக்கச் சொல்வோம். பெரிய ஆலைகள் 40, 45 வரை போகும். 35-இல் நிறுத்தினால் மெம்ப்ரேனில் சுண்ணாம்பு படிவதைத் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் மருந்தே தேவைப்படாது. படகில் ஏற்றி வர வேண்டிய கேன்களில் ஒன்று குறைந்தது. ஆக, மணிக்கு 5,000 லிட்டர் கடல்நீர் உள்ளே, உப்பு கூடிய மிச்ச நீர், அதாவது ரிஜெக்ட், 3,250 லிட்டர் வெளியே.

மெம்ப்ரேன் 8 அங்குலம் வேண்டாம், 4 அங்குலம் போதும் என்பது எங்கள் கட்சி. 8 அங்குலத்தில் நான்கு போட்டாலே முடிந்துவிடும், இணைப்புகளும் குறைவு என்று விற்பனையாளர் சொல்வார், உண்மைதான். ஆனால் அதில் ஒன்றைத் தூக்கிப் பொருத்த இரண்டு ஆள் வேண்டும், ஒன்று கெட்டால் ஆலையின் கால் பங்கு போய்விடும். 40 அங்குல நீளமுள்ள 4 அங்குல மெம்ப்ரேனில் ஏறக்குறைய 8 சதுர மீட்டர் பரப்பு. சதுர மீட்டருக்கு மணிக்கு 14 லிட்டர் என்று அடக்கமாக எடுத்தால் 16 மெம்ப்ரேன். ஒரு குழாயில் 4 வீதம் 4 குழாய். ஒற்றை ஆளே மாற்றலாம். இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் எண்ணிக்கை கூடும் என்பதுதான் இதில் உள்ள தொந்தரவு. ஒரு ஓ-ரிங் மடங்கினாலும் ப்ராடக்ட் தண்ணீரின், அதாவது எடுத்த நல்ல தண்ணீரின், டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) சட்டென்று ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். 4 குழாய்க்கும் தனித்தனியாக சாம்பிள் எடுக்கும் சின்ன வால்வு வைத்தால் எந்தக் குழாய் என்று ஐந்து நிமிடத்தில் தெரியும். இந்த வால்வுகளுக்கு ஆகும் செலவு அற்பம், ஆனால் விலைப்புள்ளியைக் குறைக்க முதலில் வெட்டுவது இதைத்தான்.

மின்சாரக் கணக்குக்கு வருவோம். ரிஜெக்ட் தண்ணீர் வெளியே வரும்போதும் அதில் 55 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். அதை அப்படியே வால்வில் நெரித்துக் கடலில் விட்டால் ஆயிரம் லிட்டருக்கு 6 முதல் 7 யூனிட் ஆகும். அந்த அழுத்தத்தை வாங்கி, உள்ளே வரும் கடல்நீருக்குக் கொடுக்கும் எனர்ஜி ரெகவரி கருவி வைத்தால் 3 முதல் 3.5 யூனிட். நாளைக்கு 65 யூனிட் செலவாவது 35-ஆகக் குறைகிறது. பேனலும் அதற்கேற்பப் பாதியாகிறது. 'சின்ன ஆலைக்கு எதற்கு அந்தக் கருவி' என்று கேட்பவர்கள், அது இல்லாமல் கூடுதலாகப் போட வேண்டிய பேனல், அதன் இரும்புச் சட்டம், அதற்கான இடம், புயலுக்கு அதைக் கட்டி நிறுத்தும் செலவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கட்டும். ஹை பிரஷர் பம்பும் அப்படித்தான். இந்த அளவுக்கு பிஸ்டன் வகை பம்ப் 85 சதவீதத்துக்கு மேல் திறன் தரும். சின்ன சென்ட்ரிஃப்யூகல் பம்ப் அதன் பக்கத்திலேயே வராது. ஆனால் பிஸ்டன் பம்ப் மணலைத் தாங்காது, ஒரு சொட்டு காற்றையும் தாங்காது. முன்னால் இருக்கும் 5 மைக்ரான் ஃபில்டர் சரியாக இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும்.

சென்னைக் கடற்கரையில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டு சராசரியாக நாளைக்கு 4 யூனிட்டுக்குக் குறையாமல் தரும். 540 வாட் பேனல் 22 போட்டால் 12 கிலோவாட், நாளைக்கு 48 யூனிட். தேவை 35 தானே என்று பேனலைக் குறைக்காதீர்கள். காலை 7 மணி, மாலை 5 மணி வெயிலில் பம்ப் தேவையான அழுத்தத்தைத் தொடாது. அந்த யூனிட்டுகள் இந்த வேலைக்கு உதவாது. பேனலைத் தாராளமாகவும் பம்பை அளவாகவும் வைத்தால்தான் 9 முதல் 3 வரை சீராக ஓடும்.

மூன்று நாள் மேகமூட்டத்தைத் தாங்க 100 யூனிட் பேட்டரி வைக்கலாம், அல்லது 30,000 லிட்டர் தொட்டி வைக்கலாம். இரண்டும் சேமிப்பதென்னவோ ஒரே பொருளைத்தான். தொட்டிக்குச் சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டாம், உப்புக்காற்றில் துரு ஏறாது, சில ஆண்டுகளில் மாற்ற வேண்டாம், குப்பத்துக் கொத்தனாரே பழுது பார்ப்பார். ஆகவே தண்ணீரைச் சேமியுங்கள். பேட்டரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு 5 யூனிட் பேட்டரி கட்டாயம் வேண்டும், அது தண்ணீர் எடுக்க அல்ல. இயந்திரத்தை ஒழுங்காக நிறுத்த.

அந்த நிறுத்தம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறோம், இதுதான் இந்தக் கடிதத்தின் சாரம்.

மாலையில் வெயில் இறங்கும்போது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. கருவி பம்பின் வேகத்தை மெல்லக் குறைக்க வேண்டும். அழுத்தம் வினாடிக்கு 0.7 பாருக்கு மேல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. மேலே போனால் மெம்ப்ரேன் சுருள் குழாய்க்குள் நகர்ந்து ஓரம் நசுங்கும். பம்ப் நின்றதும் ரிஜெக்ட் வால்வு முழுதாகத் திறந்து, ஆலை எடுத்த நல்ல தண்ணீரையே 2, 3 பார் அழுத்தத்தில் உள்ளே விட்டுக் கழுவ வேண்டும். முக்கால் கிலோவாட் ஃபிளஷ் பம்ப் பத்து நிமிடம் ஓடினால் போதும். கால் யூனிட்கூட ஆகாது. தண்ணீர் 300 முதல் 400 லிட்டர். எப்போது நிறுத்துவது என்பதைக் கடிகாரம் சொல்லாது, ரிஜெக்ட் வாயில் பிடித்த குவளையில் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பாருங்கள். 50,000-இல் தொடங்கிய உப்பு 1,000-க்குக் கீழே வந்தால் குழாய் கழுவப்பட்டது என்று பொருள்.

கழுவாமல் விட்டால் இரண்டு கேடு. பம்ப் நின்ற அந்த நொடியிலேயே ஓட்டம் திரும்பிவிடும். ப்ராடக்ட் பக்கத்து நல்ல தண்ணீரை உப்புப் பக்கம் தன்னிடம் இழுக்கும். அந்த நேரத்தில் ப்ராடக்ட் பக்கத்தில் எதிர் அழுத்தம் 0.3 பாருக்கு மேல் போனால் மெம்ப்ரேன் உறையை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும். அதற்கப்புறம் எந்த மருந்தும் அதைச் சேர்க்காது. இன்னொன்று, 30 டிகிரி வெதுவெதுப்பில் இரவெல்லாம் தேங்கிய கடல்நீரில் கிருமி வளர்ந்து மெம்ப்ரேன் மேல் கொழகொழவென்று படியும். காலையில் ஃபில்டர் மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், இரவு ஃபிளஷ் நடக்கவில்லை, அல்லது கடலிலிருந்து வரும் குழாயில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது.

ஃபிளஷ் தண்ணீருக்கென்று 500 லிட்டரில் தனித் தொட்டி வேண்டும், குளோரின் போடும் இடத்துக்கு முன்னால். இந்த மெம்ப்ரேனுக்கு குளோரின் எமன், லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்கூடத் தொடர்ந்து பட விடக் கூடாது. குடிநீருக்கோ குளோரின் கட்டாயம். இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்து, அங்கிருந்தே ஃபிளஷ் லைனையும் இழுத்துவிடுவது சர்வ சாதாரணமாக நடக்கிற தவறு. தினமும் மாலையில் குளோரின் தண்ணீரால் மெம்ப்ரேனை அக்கறையாகக் கழுவிக் கழுவியே கொன்றுவிடுவார்கள். சில மாதங்களில் தண்ணீர் அளவு கூடும், டி.டி.எஸ்.-உம் கூடும். அளவு கூடுகிறதே என்று மகிழ்ந்தால் கதை முடிந்தது.

பேட்டரியும் கைவிட்டால்? ஃபிளஷ் தொட்டியைக் குழாய்களுக்கு மேலே மூன்று, நான்கு மீட்டர் உயரத்தில் வையுங்கள். மின்சாரம் இருக்கும்வரை மூடியிருந்து, போனதும் தானே திறக்கும் வகை வால்வைப் போடுங்கள். பம்ப் இல்லாவிட்டாலும் தண்ணீர் தன் எடையில் இறங்கி அலசிவிட்டுப் போகும். அழுத்தம் குறைவுதான், ஒன்றுமில்லாததற்கு ஆயிரம் மடங்கு மேல்.

ரிஜெக்ட் குழாயை நேராகக் கீழே இறக்காமல், மேல் வரிசைக் குழாயைவிட உயரத்துக்கு ஒரு வளைவு ஏற்றி அப்புறம் இறக்க வேண்டும். வளைவின் உச்சியில் காற்று வாங்கும் வால்வு ஒன்று. இல்லாவிட்டால் இரவில் சைஃபன் பிடித்து மெம்ப்ரேன் குழாய் காலியாகும், காற்று புகும். மறுநாள் அந்தக் காற்றோடு அழுத்தம் ஏற்றினால் தண்ணீர் சுத்தியலால் அடித்த மாதிரி மோதும். காலையில் தொடங்கும்போது குறைந்த அழுத்தத்தில் சில நிமிடம் ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுவதும், முதல் 10, 15 நிமிடத் தண்ணீரைத் தொட்டிக்கு அனுப்பாமல் வெளியே விடுவதும் இதனால்தான். டி.டி.எஸ். 500-க்குக் கீழே வந்த பிறகே தொட்டி வால்வு திறக்கும்படி கன்ட்ரோலரில் வைத்துவிடலாம்.

மேகம் போய்ப் போய் வருகிற நாளில் இயந்திரம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்று நின்று ஓடும். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு அடி. பேனலிலிருந்து போதுமான மின்சாரம் 10 நிமிடம் தொடர்ந்து வந்தால்தான் தொடங்கு, வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் நிறுத்து, நிறுத்தினால் அரை மணிக்கு முன் தொடங்காதே என்று மூன்று கட்டளைகள் போதும். வேகத்தைக் குறைத்தே ஓட்டலாமே என்றால், அழுத்தம் குறையக் குறையத் தண்ணீர் குறையும், உப்பு மட்டும் அதே அளவு கசிந்துகொண்டிருக்கும், தண்ணீர் கரிக்கும்.

வடகிழக்குப் பருவமழையில் நாள்கணக்கில் வெயில் இருக்காது. இரண்டு நாளுக்கு மேல் நின்றால் தினம் ஒரு முறை ஃபிளஷ். ஒரு வாரத்துக்கு மேல் என்று தெரிந்தால் கிருமி வளராமல் தடுக்கும் 1 சதவீத சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலை நிரப்பி மூடிவைக்க வேண்டும். வாரம் ஒரு முறை அதன் பி.எச். பார்த்து, 3-க்குக் கீழே போயிருந்தால் புதிதாக மாற்ற வேண்டும். அந்த நாட்களில் குடிக்க? மழை நாளில் வானமே கொடுக்கிறது. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். ஆலைக் கொட்டகையின் கூரையும் பேனலும் சேர்ந்தே அந்தப் பரப்பைத் தாண்டும். பேனல் ஓரத்தில் ஒரு வாய்க்கால் தகடு போடச் சொல்லி எந்த டெண்டரிலும் நாங்கள் பார்த்ததில்லை. முதல் மழையைப் பறவை எச்சத்தோடு வெளியே விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

கடல்நீரை எங்கிருந்து எடுப்பது என்பதில் வடசென்னைக்கென்று தனிக் கவலைகள் உண்டு. 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படர்ந்தது. எண்ணெய் பட்ட மெம்ப்ரேனைக் கழுவி மீட்பது அநேகமாக முடியாத காரியம். திறந்த கடலில் குழாய் போட்டால் எண்ணெய், சாம்பல், ஜெல்லி மீன் எல்லாம் வரும். குழாய்க்குள் கொட்டலசும் ஆளியும் ஒட்டி வளர்ந்து துவாரத்தைச் சுருக்கும். மணிக்கு 5,000 லிட்டர்தான் தேவை என்பதால் மணலில் 6, 8 மீட்டர் ஆழத்தில் துளைக் குழாய் இறக்கிக் கடற்கரைக் கிணறாக எடுப்பதே மேல். மணலே முதல் ஃபில்டர். ஆனால் தோண்டிய அன்றே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். 24 மணி நேரம் இடைவிடாமல் இறைத்து, உப்பு, இரும்பு, மாங்கனீஸ் எவ்வளவு, அழுகிய முட்டை நாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏரிப் பக்கம் சேறு கலந்த மணலில் அந்த நாற்றம் வரும். அந்தத் தண்ணீரில் காற்று பட்டால் கந்தகம் துகளாகி மெம்ப்ரேனில் ஏறும், இறங்காது. கடல் பக்கம் தள்ளித் தோண்டலாம் என்றால் துறைமுகங்களுக்கு வடக்கே கரை அரிப்பு. இன்றைக்கு அலையிலிருந்து 30 மீட்டரில் இருக்கும் கிணறு சில ஆண்டுகளில் அலைக்குள் இருக்கலாம். எந்தக் கரை எந்தப் பருவத்தில் எவ்வளவு தின்னும் என்று குப்பத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். வாடைக் காற்று மாதங்களில் அவர்கள் படகை எங்கே ஏற்றி வைக்கிறார்களோ அதற்கும் மேலே கிணறு இருக்கட்டும்.

கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருந்தால் உள்ளே வரும் நீருக்கு குளோரினே போடாதீர்கள். போட்டால் அதை எடுக்க மெட்டாபைசல்ஃபைட், அதற்கு டோசிங் பம்ப், அது அடைத்துக்கொண்டால் குளோரின் நேராக மெம்ப்ரேனுக்கு.

5 மைக்ரான் ஃபில்டர் ஒரு ஜோசியக்காரர். கழற்றி வெயிலில் வைத்து ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். செம்பழுப்பு நிறம் மேலே மட்டும் என்றால் கிணற்று இரும்பு. உள் அடுக்கு வரை பழுப்பு என்றால் இரும்பு கரைந்தே வந்து நடுவில் துகளாகிறது, எங்கோ காற்று உறிஞ்சுகிறது. கறுப்பாக, விரலில் வழுக்கினால் கிருமி. மணல் துகள் நறநறத்தால் கிணற்றுக் குழாயின் துளை பெரிதாகிவிட்டது. முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் 1 பாரை நெருங்கும்போது மாற்ற வேண்டும். சிக்கனம் என்று பார்த்துக் கழுவிப் போட்டால் பிஸ்டன் பம்பின் தலையில் அந்தச் செலவு விடியும்.

உலோகம். டெண்டரில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 316' என்று எழுதியிருக்கும். கடல்நீர் ஓடிக்கொண்டிருக்கும்போது அது சமாளிக்கும். நிற்கும்போது, கிளாம்புக்கு அடியில், கேஸ்கெட் இடுக்கில், முதலில் டீ கறை போலத் தெரியும். ஆணியால் சுரண்டினால் அடியில் ஊசி முனை அளவு குழி. அது சுவரின் மறுபக்கம் வரை போயிருக்கும். 6 மணி ஓடி 18 மணி நிற்கிற ஆலைக்கு இது எவ்வளவு பொருந்தாது என்று சொல்ல வேண்டியதில்லை. அழுத்தம் குறைந்த பக்கம் பி.வி.சி. அல்லது எச்.டி.பி.இ., அழுத்தம் கூடிய பக்கம் சூப்பர் டூப்ளெக்ஸ் 2507 எஃகு. நீளம் சில மீட்டர்தான். அந்தச் சில மீட்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பேனலைப் பற்றிச் சுருக்கமாக: உப்புமூட்டத் தேர்வு, அதாவது ஐ.இ.சி. 61701 சான்று உள்ளதை வாங்குங்கள். அலுமினியச் சட்டத்தில் ஸ்டீல் போல்ட் நேராகத் தொட்டால் அரிக்கும், இடையில் வாஷர் வேண்டும். இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 875 சென்னைக்குக் கொடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் வர்தா புயலைப் பார்த்தவர்கள் இதை அதிகம் என்று சொல்ல மாட்டார்கள். மணலில் அடித்தளம் இழுத்தால் வந்துவிடும், எடைதான் காப்பாற்றும். சிறு காற்றாலை நாளைக்கு 10,000 லிட்டர் ஆலைக்கு வேண்டாம். பேரிங்கும் திரும்பும் மேசையும் உப்புக்காற்றில் படும் பாட்டைப் பார்க்கத் தனி மெக்கானிக் வேண்டும். ஸ்பெயினின் எல் இயெரோ தீவில் 2014 முதல் 11.5 மெகாவாட் காற்றாலையும் மேட்டு நீர்த்தேக்கமும் சேர்ந்து ஓடுகின்றன. அந்தத் தீவின் கடல்நீர் ஆலைகள் அந்த மின்சாரத்தைப் பயன்படுத்துகின்றன. அளவு அப்படியிருந்தால் காற்று சரி.

ஆர்.ஓ. தவிர வேறு வழியில்லையா என்று கேட்கலாம். வெயிலில் காய்ச்சி வடிக்கும் கண்ணாடித் தொட்டி சதுர மீட்டருக்கு நாளைக்கு 3, 4 லிட்டர் தரும். சிலியின் லாஸ் சலினாஸில் 1872-லேயே ஏறக்குறைய 4,700 சதுர மீட்டரில் போட்டு 20,000 லிட்டருக்கு மேல் எடுத்தார்கள். இடம் கிடக்கிற பாலைவனத்துக்கு அது. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் லட்சத்தீவில் செய்திருப்பது வேறு வழி. 2005-இல் கவரத்தியில் நாளைக்கு 1 லட்சம் லிட்டர், 2011-இல் மினிக்காய், அகத்தி, பிறகு 1.5 லட்சம் லிட்டர் அளவில் மற்றத் தீவுகள். வெதுவெதுப்பான மேல்மட்டக் கடல்நீரை வெற்றிடத்தில் விட்டால் கொஞ்சம் ஆவியாகும். ஆழத்திலிருந்து எடுத்த 12, 13 டிகிரி குளிர்ந்த நீரால் அந்த ஆவியைத் தண்ணீராக்குகிறார்கள். மெம்ப்ரேன் கிடையாது, அழுத்தம் கிடையாது. ஆனால் தண்ணீர் 6 டிகிரி குளிர்ந்தால் 100 லிட்டரில் 1 லிட்டர்தான் ஆவியாகும். 1 லட்சம் லிட்டர் எடுக்க 1 கோடி லிட்டரை இறைக்க வேண்டும், குளிர்ந்த நீர் வேறு. லட்சத்தீவில் கரையிலிருந்து சில நூறு மீட்டரிலேயே கடல் 350 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுவதால் அது முடிகிறது. நம் பக்கம் அந்த ஆழம் தேடி 2007-இல் சென்னைக் கரையிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளிப் படகு மேடையில் வைத்துத்தான் சோதித்தார்கள். வடசென்னை அனல்மின் நிலையத்தில் கண்டென்சரிலிருந்து வெளியேறும் சூடான நீரை வைத்தும் ஒரு சிறு ஆலை போட்டார்கள். வீணாகும் சூடு பக்கத்திலேயே கிடக்கும் இடத்துக்கு அது நல்ல யோசனை. பழவேற்காட்டு மணல் திட்டுக்குப் பொருந்தாது.

ரிஜெக்ட் தண்ணீரை ஏரிக்குள் விடவே கூடாது. லிட்டருக்கு 34 கிராம் உப்போடு போனது 52 கிராமாகத் திரும்பும். பழவேற்காடு ஏரி ஆழமில்லாதது. கோடையில் முகத்துவாரம் மணலால் அடைத்துக்கொண்டால் ஏற்கெனவே உப்பேறிக் கிடக்கும். இறால் குஞ்சு இருக்கும் இடத்தில் கொண்டுபோய் இதைக் கொட்டினால் ஆலையை மூடச் சொல்லிக் குப்பமே வந்து நிற்கும், நியாயமும் அதுதான். அலை உடையும் இடத்தில், கரைவலை இழுக்கும் பாட்டையிலிருந்து விலகி விட்டால் அலையே கலக்கிவிடும்.

எடுத்த தண்ணீர் சப்பென்றிருக்கும், குழாயையும் அரிக்கும். சுண்ணாம்புக்கல் நிரப்பிய உருளை வழியாக விட்டால் கால்சியமும் சுவையும் கொஞ்சம் சேரும். கடைசியில் குளோரின், குழாயடியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்சும்படி. டி.டி.எஸ். மீட்டர் போரானைக் காட்டாது. கடல்நீரில் லிட்டருக்கு நாலரை மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், ஐ.எஸ். 10500 ஏற்கும் அளவு 0.5. வெதுவெதுப்பான நீரில் மெம்ப்ரேன் அதைக் கூடுதலாக விட்டுவிடும் என்பதால் ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும்.

இந்தத் திட்டங்களுக்கு டெண்டர் எழுதும் அதிகாரிகளிடம் எங்கள் கோரிக்கை இவ்வளவுதான். பேனல் பொருத்தியதற்கும் திறப்பு விழாவுக்கும் பணம் கொடுத்து முடிக்காமல், 5 ஆண்டுக்கு, டி.டி.எஸ். 500-க்குக் கீழே தொட்டியில் விழுந்த லிட்டருக்குப் பணம் கொடுங்கள். அப்போது ஃபிளஷ் வால்வை யாரும் வெட்ட மாட்டார்கள். தீவிலேயே பூட்டி வைக்க வேண்டிய உதிரிபாகங்களையும் டெண்டரிலேயே எழுதுங்கள்: மூன்று மாதத்துக்கு ஃபில்டர், மெம்ப்ரேன் 4, ஓ-ரிங் இரண்டு செட், பம்ப் சீல் கிட், வி.எஃப்.டி. ஒன்று, பிரஷர் சென்சார் இரண்டு, ஃபிளஷ் வால்வு ஒன்று. லட்சத்தீவுக்குத் தென்மேற்குப் பருவத்தில் சிறு படகுகள் போகாது. நம் குப்பங்களுக்கும் புயல் வாரத்தில் சாலை இருக்காது.

ஆலையைப் பார்த்துக்கொள்ள அந்த ஊர்க்காரர் இருவர், சம்பளத்தோடு. ஒருவர் போதாது, அவர் கடலுக்குப் போன நாளில்தான் ஏதாவது நடக்கும். தினமும் பகல் 12 மணிக்கு அவர்கள் எழுத வேண்டியது ஆறு எண்: உள்ளே போகும் அழுத்தம், ரிஜெக்ட் அழுத்தம், ஃபில்டரின் வித்தியாசம், ப்ராடக்ட் அளவு, அதன் டி.டி.எஸ்., தண்ணீரின் சூடு. அதே சூட்டில் ப்ராடக்ட் 10 சதவீதம் குறைந்தாலோ, உள்ளுக்கும் ரிஜெக்டுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் 15 சதவீதம் கூடினாலோ கெமிக்கல் வாஷ். கடல்நீர் ஆலையில் முதலில் காஸ்டிக் சோடாக் கரைசல், பி.எச். 11, 12-இல், அதைக் கழுவிய பிறகே சிட்ரிக் அமிலம். மாற்றிச் செய்தால் அமிலம் அந்தக் கொழகொழப்பை இறுக்கிவிடும்.

இந்த வரிசையையும் மாலை ஃபிளஷ் வரிசையையும் தமிழில், வால்வுகளுக்கு எண் எழுதி, கொட்டகைச் சுவரில் பெயின்டால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். லேமினேட் செய்து ஒட்டிய காகிதம் அந்தக் காற்றில் இரண்டு மாதம்கூடத் தாங்காது.

இப்படிக்கு,
கடல்நீர் சுத்திகரிப்புப் பணியாளர்கள் சிலர்,
எண்ணூர், வடசென்னை